‘நிர்வாகக் காரணம்’: தண்டனைப் பட்டியலில் இல்லாத தண்டனை

நாகர்கோவில் மாவட்டச் சிறையில் இருக்கும் ஒருவரைப் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று தகவல் வந்தால், வீட்டார் முதலில் கேட்பது ‘உள்ளே என்ன தப்புச் செய்தார்?’ என்றுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘நிர்வாகக் காரணம்’ என்ற இரண்டு சொற்கள். இடமாற்றம் தண்டனை ஆகாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். எழுத்தளவில் அது சரியும்கூட, ஏனெனில் 1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் அடுக்கிச் சொல்லும் தண்டனைகளில் இடமாற்றம் இடம்பெறவில்லை. ஆனால் கொல்லங்கோட்டிலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ மகனுக்கு மனு போட்டுப் பார்க்கப் புறப்படும் தாய், வடசேரியில் பேருந்து மாறி, ஆரல்வாய்மொழி தாண்டி, நான்குநேரி வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல் போய், கண்ணெதிரே சில நிமிடம் மகனைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்ப வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலியும் போய்விடும். அவரிடம் இது தண்டனை இல்லை என்று விளக்குவது கடினம்.

சிறை விதிகளில் கடந்த அரை நூற்றாண்டில் நிகழ்ந்த மாற்றங்களைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு சொற்களே நல்ல தொடக்கம். ‘ஒழுங்கு’, ‘பாதுகாப்பு’ என்பவற்றை நாம் இணைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். விதிநூல்களும் அப்படியே சேர்த்துப் பேசுகின்றன. இவை இரண்டும் ஒன்றல்ல. ஒழுங்கு நடவடிக்கை என்றால் ஒரு குற்றச்சாட்டு வேண்டும், விசாரணை வேண்டும், தண்டனைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும், பதிவேட்டில் ஒரு வரி வேண்டும். பாதுகாப்பு நடவடிக்கைக்கோ அதிகாரியின் மதிப்பீடு மட்டுமே போதும். நீதிமன்றங்கள் ஒழுங்குத் தண்டனைகளை ஒவ்வொன்றாகக் கட்டுப்படுத்தியபோது, அதே செயல்கள் சில, பெயரை மாற்றிக்கொண்டு பாதுகாப்பு என்ற கதவின் வழியாக உள்ளே வந்தன. விதிமாற்றங்களைப் படிக்கும்போது எந்தத் தண்டனை நீக்கப்பட்டது என்பதோடு, அது வேறு எந்தப் பெயரில் மீண்டும் வந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

குமரி மாவட்டத்தின் நிலையை முதலில் சொல்லிவிடலாம். நாகர்கோவிலில் மாவட்டச் சிறையும், குழித்துறை, தக்கலை போன்ற இடங்களில் கிளைச்சிறைகளும் இருக்கின்றன. இவை பெரும்பாலும் விசாரணைக் கைதிகளுக்கானவை. நீண்ட தண்டனை பெற்றவர்களும், உள்ளூரில் வைத்திருப்பது சிக்கல் என்று கருதப்படுபவர்களும் பாளையங்கோட்டைக்குப் போகிறார்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி பார்த்தது திருவனந்தபுரத்தை; திருவிதாங்கூரின் மத்திய சிறை பூஜப்புரையில் இருந்தது. எல்லை மாறியதும் சிறையின் திசையும் மேற்கிலிருந்து வடக்கே திரும்பியது. இன்றும் பாறசாலையில் கைதாகும் விளவங்கோட்டுக்காரர் நெய்யாற்றின்கரைச் சிறைக்குப் போய், கேரளம் 2010இல் இயற்றிய சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டத்துக்கு உட்படுகிறார். அதே ஆள் சில கிலோமீட்டர் இப்பால் கைதானால், 1894ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் எழுந்த 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறை விதிகளும் அவரை ஆள்கின்றன. சிறை என்பது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பதன் நேரடி விளைவு இது.

அந்த 1894ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுமையாக வாசிப்பது பயனுள்ளது. அதன் 45ஆம் பிரிவு சிறைக்குள் செய்யக்கூடிய குற்றங்கள் 16 என்று வகுக்கிறது. கட்டளையை மீறுதல், தாக்குதல், மிரட்டிப் பேசுதல், வேலைசெய்ய மறுத்தல், தடைசெய்யப்பட்ட பொருளை வைத்திருத்தல், தப்பிக்கச் சதி செய்தல் என்று போகும் அந்தப் பட்டியலில், நோய் இருப்பதாகப் பாசாங்கு செய்வதும் ஒரு குற்றம். அதிகாரி மீதோ சக கைதி மீதோ வேண்டுமென்றே பொய்க் குற்றச்சாட்டுக் கொண்டுவருவதும் குற்றம். புகார் பொய்யா உண்மையா என்று தீர்மானிப்பவர் யார் என்று கேட்டால், சட்டம் கண்காணிப்பாளரையே காட்டுகிறது. அதாவது, வார்டர் அடித்தார் என்று ஒரு கைதி எழுதிக் கொடுத்தால், அந்த வார்டரின் மேலதிகாரி அதை விசாரித்து, பொய் என்று முடிவுசெய்து, புகார் கொடுத்தவரையே தண்டிக்கலாம். புகார் செய்வதற்கான தைரியத்தை இதைவிட மலிவாகப் பறிக்க முடியாது.

46ஆம் பிரிவு தண்டனைகளைச் சொல்கிறது. எச்சரிக்கையில் தொடங்கி, கடினமான வேலைக்கு மாற்றுதல், தண்டனைக் குறைப்பு நாள்களைப் பறித்தல், சாக்குத் துணி உடை, கைவிலங்கு, கால்விலங்கு, தனித்த அடைப்பு, தண்டனை உணவு என்று ஏறி, மூல வடிவில் அதிகபட்சம் 30 பிரம்படியில் முடிகிறது. பிரம்பின் தடிமனையும் எங்கே அடிக்க வேண்டும் என்பதையும்கூட 53ஆம் பிரிவு வகுத்திருந்தது. நீதிமன்றங்கள் தண்டனையாக விதித்த கசையடி 1955இல் தனிச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோதும், சிறைச் சட்டத்தின் மூல வாசகத்தில் இருந்த பிரம்படி அதனால் நீங்கவில்லை. இந்தப் பட்டியலில் இன்று நடைமுறையில் மிகக் கடுமையானது எது என்று கேட்டால், பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும் குறைப்பு நாள் பறிப்பைத்தான் சொல்வேன். விடுதலையாகும் தேதியே அதனால் தள்ளிப்போகிறது.

இன்னொரு பிரிவும் கவனத்துக்குரியது. சிறை விதிகளின் படிகளை ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் சிறையில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது 61ஆம் பிரிவு. நல்ல ஏற்பாடு என்று தோன்றும். எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்தால், சிறையில் பணியாற்றுவோர் அனைவரும் அணுகக்கூடிய இடத்தில் என்கிறது வாசகம். எந்த விதியை மீறினால் தண்டனை வருமோ, அந்த விதியைக் கைதி வாசிக்க வேண்டும் என்பது 1894இல் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தக் கட்டடத்தில் முதல் பெரிய விரிசல் 1978இல் விழுந்தது. திகார் சிறையில் மரண தண்டனை பெற்றிருந்த சுனில் பத்ரா, தன்னைத் தனிமைச் சிறையில் வைத்திருப்பதை எதிர்த்தார்; அதே வழக்கோடு, அதே சிறையில் இருந்த சார்லஸ் சோப்ராஜ் தமக்கு இடப்பட்டிருந்த கால்விலங்கை எதிர்த்தார். தூக்குத் தண்டனைக் கைதியைத் தனி அறையில் வைக்கச் சொல்லும் 30ஆம் பிரிவு, தனிமைச் சிறையை விதிக்கும் அதிகாரத்தைத் தரவில்லை என்றும், கருணை மனு உட்பட எல்லா வழிகளும் அடைபட்ட பிறகே ஒருவர் அந்தப் பிரிவின் பொருளில் தூக்குத் தண்டனைக் கைதி ஆவார் என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியது. கால்விலங்கு அன்றாட வழக்கமாக இருக்கக் கூடாது என்றும் சொன்னது. விலங்கு என்றால் குமரிக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவர், திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளை. 1749இல் கைதாகி, 1752 ஜனவரியில் காற்றாடி மலையில் சுடப்படும் வரை, மூன்றாண்டு அளவில் விலங்கோடு ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டவர். அவருக்குப் பின் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கடந்தே, விலங்கை ஏன் மாட்டுகிறாய் என்று சிறை அதிகாரியை நீதிமன்றம் கேட்டது.

சுனில் பத்ராவின் இரண்டாவது வழக்கு இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. சக கைதி ஒருவரைச் சிறை வார்டர் கொடுமையாக வதைத்தார் என்று பத்ரா உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு எழுதிய கடிதமே மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 45ஆம் பிரிவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அந்தக் கடிதமே ஒரு சிறைக் குற்றமாகியிருக்கலாம். 1979 டிசம்பரில் வந்த தீர்ப்பை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் அமைந்த கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சிறைத் துறையையும் பார்த்துக்கொண்டவர் என்பதால், விதிநூலின் உள்வழிகள் அவருக்குத் தெரிந்திருந்தன. தனி அறை அடைப்பு, கடின வேலை, உணவு மாற்றம், வசதி மறுப்பு, தண்டனையின் விளைவுகளைக் கொண்ட இடமாற்றம் ஆகிய எதையும் அமர்வு நீதிபதியின் பரிசீலனை இல்லாமல் செய்யக் கூடாது என்றும், அவசரத்தால் முன்கூட்டித் தெரிவிக்க முடியாவிட்டால் நடவடிக்கை எடுத்த இரண்டு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. கைதிகள் வாசிக்கும் மொழியில் கையேடு வேண்டும், நீதித்துறையின் பொறுப்பில் புகார்ப் பெட்டி வேண்டும் என்றும் சொன்னது.

‘தண்டனையின் விளைவுகளைக் கொண்ட இடமாற்றம்’ என்ற அந்தச் சொற்கட்டு தற்செயலாக விழுந்ததல்ல. பெயரைப் பார்க்காமல் விளைவைப் பார் என்று நீதிமன்றம் சொன்னது. நாகர்கோவிலிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றும் ஆணையில் நிர்வாகக் காரணம் என்று எழுதியிருந்தாலும், அதன் பின்னணியில் அதிகாரியோடு நடந்த ஒரு வாக்குவாதம் இருந்தால், அது இந்தச் சொற்கட்டுக்குள் வந்துவிடும். உண்மையிலேயே பாதுகாப்புக்காகச் செய்யப்படும் மாற்றங்களும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஒரே கொலை வழக்கின் இரு தரப்பினரும் ஒரு சின்ன மாவட்டச் சிறையில் நாள்தோறும் எதிரெதிரே நடமாடுவதை எந்தப் பொறுப்புள்ள கண்காணிப்பாளரும் விரும்பமாட்டார். அப்படிப்பட்ட காரணம் இருந்தால் அதை நீதிபதிக்கு இரண்டு வரியில் எழுதுவதில் அவருக்கு என்ன இழப்பு என்பதே கேள்வி.

தனிமை அடைப்பில் இந்த முரண் இன்னும் துலக்கமாகத் தெரியும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியைத் தனிமையில் கழிக்க வேண்டும் என்று விதிக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. ஆனால் மொத்தம் 3 மாதத்துக்கு மேல் கூடாது, ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது, இடையில் அதே அளவு இடைவெளி வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. 1894ஆம் ஆண்டுச் சட்டமும் ஒழுங்குத் தண்டனையாக வரும் அறை அடைப்புக்கு 14 நாள் வரம்பு போட்டிருக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள், ஒரு நாளில் 22 மணி நேரமோ அதற்கு மேலோ மனிதத் தொடர்பின்றி வைப்பதைத் தனிமைச் சிறை என்றும், அது தொடர்ந்து 15 நாளைத் தாண்டினால் விலக்கப்பட்டது என்றும் சொல்கின்றன. இவை எல்லாம் தண்டனைக்கான கணக்கு. ‘உயிருக்கு ஆபத்து இருப்பதால் தனி பிளாக்’, ‘மற்றவர்களைத் தூண்டுவார் என்பதால் தனி செல்’ என்று பாதுகாப்பின் பெயரில் செய்யும்போது நாள்களை எண்ணுபவர் யாரும் இல்லை. குற்றம் செய்து தனிமைக்குப் போனவர் 15ஆம் நாள் வெளியே வருவார். குற்றமே செய்யாமல் போனவர் எப்போது வருவார் என்பதற்கு விதி இல்லை.

பாதுகாப்பு என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாளையங்கோட்டை மத்திய சிறையில் கைதிகளைச் சாதிவாரியாக வெவ்வேறு தொகுதிகளில் வைப்பதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் சாதி மோதல்கள் அடிக்கடி நிகழ்வதால், அவற்றைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்று அரசுத் தரப்பு சொன்னது; உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சிறைகளில் சாதிப் பாகுபாடு குறித்துப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த வாதத்தை வெளிப்படையாகவே நிராகரித்தது. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் கடமை, அதற்காகச் சாதிவாரிப் பிரிவினையைக் கையிலெடுக்க முடியாது என்றும், அமெரிக்காவில் நிறவாரிப் பிரிவினையை நியாயப்படுத்தச் சொல்லப்பட்ட ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்ற வாதத்தையே இது ஒத்திருக்கிறது என்றும் சொன்னது. சாதியை வைத்து வேலை பங்கிடும் பல மாநில விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்து, கைதிகளின் பதிவேடுகளிலிருந்து சாதிக் கட்டத்தை நீக்கச் சொல்லி, விதிநூல்களைத் திருத்த மூன்று மாத கால அவகாசம் தந்தது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் ஒன்றிய உள்துறை அமைச்சகம் மாதிரிச் சட்டத்திலும் மாதிரிக் கையேட்டிலும் சாதிப் பாகுபாட்டுத் தடையைச் சேர்த்தது.

எதிர்வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. 2021 ஏப்ரலில் அதே பாளையங்கோட்டைச் சிறையில், கிளைச்சிறையிலிருந்து மாற்றப்பட்டு வந்த விசாரணைக் கைதி ஒருவரைச் சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். அதன் பின்னால் சாதிப் பகை இருந்ததாகப் பேசப்பட்டது. கலந்து வைத்தால் இதுதான் நடக்கும் என்று சொல்பவர்கள் இதையே காட்டுவார்கள். எனக்கு அந்தச் சம்பவம் வேறொன்றைச் சொல்கிறது. யாருக்கு யாரோடு பகை என்று ஆள்வாரியாகக் கணக்கிட்டு இடம் ஒதுக்குவதே பாதுகாப்பு. சாதியைப் பார்த்து இடம் ஒதுக்குவது அந்தக் கணக்கைச் செய்யாமல் தப்பிக்கும் குறுக்குவழி. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவே யாரைப் பிரித்து வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: பெண்களை ஆண்களிடமிருந்து, 21 வயதுக்குட்பட்டவர்களை மற்றவர்களிடமிருந்து, விசாரணைக் கைதிகளைத் தண்டனைக் கைதிகளிடமிருந்து, உரிமையியல் கைதிகளைக் குற்றவியல் கைதிகளிடமிருந்து. காலனி அரசு எழுதிய அந்தப் பிரிவில்கூடச் சாதி இல்லை. குமரியில் சாதியைக் காட்டிலும் மதம்தான் பெரிய பிளவாக வெளிப்பட்டிருக்கிறது என்பதை 1982இன் மண்டைக்காட்டுக் கலவரத்தைப் பார்த்தவர்கள் அறிவார்கள். பாளையங்கோட்டைத் தர்க்கத்தை ஏற்றுக்கொண்டால், நாகர்கோவிலில் மதவாரியாக பிளாக் பிரிப்பதையும் ஏற்றாக வேண்டியிருக்கும்.

கைபேசிக்கு வருவோம். சிறைப் பாதுகாப்பு பற்றிய பேச்சு இன்று பெருமளவு அதைச் சுற்றித்தான் இருக்கிறது. 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு தடைசெய்யப்பட்ட பொருளை உள்ளே கொண்டுவருபவருக்கு 6 மாதம் வரை சிறை, 200 ரூபாய் வரை அபராதம் என்றது. பீடிக்கும் கஞ்சாவுக்கும் அது போதுமானதாக இருந்திருக்கலாம். உள்ளிருந்தபடியே சாட்சியை மிரட்டவும் ஆள்களை ஏவவும் முடியும் என்ற நிலையில் கடுமையான விதி தேவை என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், பிடிபடும் ஒவ்வொரு கைபேசியும் மிரட்டலுக்காகவே வந்தது என்று கொள்ள முடியாது. பலர் வீட்டோடு பேசத்தான் அலைகிறார்கள். முறையான தொலைபேசி, காணொளி அழைப்பு வசதி பெருகினால் திருட்டுக் கைபேசியின் சந்தை சுருங்கும். பாளையங்கோட்டைக்குப் பேருந்து ஏற முடியாத தாய்க்கு அந்த அழைப்பே மனு, அதாவது மகனைச் சந்திக்கும் வழி. அதை ஒழுங்கு நடவடிக்கையாக முதலில் நிறுத்தும் வழக்கம், பாதுகாப்புக்கே எதிராகப் போகும்.

வழிக்காவலிலும், அதாவது கைதியை வெளியே கொண்டுசெல்லும்போது போடும் காவலிலும், விதிகள் முன்னும் பின்னுமாக நகர்ந்திருக்கின்றன. கைவிலங்கு விதிவிலக்காகவே இருக்க வேண்டும், ஏன் மாட்டினோம் என்பதை எழுதி நீதிபதியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றது 1980இன் பிரேம் சங்கர் சுக்லா தீர்ப்பு. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கொலை, பாலியல் வன்கொடுமை, போதைப்பொருள், அமைப்புசார் குற்றம் முதலிய வழக்குகளில் கைது செய்யும்போதும் நீதிமன்றத்தில் நிறுத்தும்போதும் கைவிலங்கு இட வெளிப்படையாக அனுமதிக்கிறது. காவல் நீட்டிப்புக்குக் காணொளி போதும் என்ற ஏற்பாடு தப்பியோட்டத்தையும் வழிக்காவல் செலவையும் குறைக்கிறது. கைதியின் முதுகில் உள்ள தழும்பைத் திரையில் நீதித்துறை நடுவர் பார்க்க முடியாது என்பது அதன் மறுபக்கம்.

அந்தத் தழும்பை முதலில் பார்க்க வேண்டியது சிறை வாசல். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தபோது, சிறையில் சேர்க்கும் நேரத்தில் காயங்களைப் பதிவுசெய்வது எவ்வளவு முக்கியம் என்பதை மாநிலமே பேசியது. வெறும் அலுவலகச் சடங்காகத் தோன்றும் அந்தச் சேர்க்கைப் பதிவு, காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் இடையில் பொறுப்பு கைமாறும் புள்ளி. மாவட்டங்களின் சின்னக் கிளைச்சிறைகளில், இரவு நேரத்தில், மருத்துவர் இல்லாத வேளையில் அதை யார் செய்வது என்பதை எந்தப் பெரிய சட்டமும் விரிவாகப் பேசுவதில்லை.

2023 மே மாதம் ஒன்றிய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் சட்டம், 1894, 1900, 1950ஆம் ஆண்டுச் சட்டங்களை ஒன்றாக்கி அவற்றுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது. குறைதீர் அமைப்பு, பெண்களுக்கும் திருநர்களுக்கும் தனி இடவசதி, பரோல், திறந்தவெளிச் சிறை என்று வரவேற்கத்தக்கவை அதில் இருக்கின்றன. கைதிகளைப் பாதுகாப்பு நோக்கில் மதிப்பிட்டு வகைப்படுத்துதல், உயர்பாதுகாப்புச் சிறை, கைபேசிக்குத் தண்டனை, விடுப்பில் செல்பவருக்கு மின்னணுக் கண்காணிப்புக் கருவி ஆகியவையும் இருக்கின்றன. மாநிலம் தன் சட்டமன்றத்தில் இயற்றினாலொழிய இது வெறும் முன்மாதிரிதான். இயற்றும் மாநிலம் எதுவானாலும் கவனிக்க வேண்டியது இந்த வகைப்படுத்தலையே. ‘அபாயமானவர்’ என்று ஒருவரை ஒரு வகையில் சேர்த்துவிட்டால், அவர் இருக்கும் அறை, அவருடைய வேலை, மனு, விடுப்பு எல்லாமே மாறிவிடும். அந்த முடிவை எதிர்த்து யாரிடம் போவது, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை அது மறுபரிசீலிக்கப்படும் என்பவை விதியில் எழுதப்படாவிட்டால், 46ஆம் பிரிவின் பழைய பட்டியலைக் காட்டிலும் பெரிய அதிகாரம் விசாரணையே இன்றி அதிகாரியின் கைக்கு வந்துவிடும்.

நாகர்கோவிலில் மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றம் இருக்கிறது; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் இருக்கிறது; சிறைக்குள் சட்ட உதவி மையத்துக்காக வழக்கறிஞர்கள் போய்வருகிறார்கள். அவர்கள் போகும்போது ஜாமீன் மனு நிலுவையைக் கேட்பதோடு, அந்த மாதத்தின் தண்டனைப் பதிவேட்டையும் இடமாற்ற ஆணைகளையும் பார்க்கக் கேட்கலாம். பாளையங்கோட்டைக்குப் போன ஒவ்வோர் ஆணைக்கும் எதிரே, அமர்வு நீதிபதிக்குத் தெரிவித்த தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்பதும், அந்தத் தேதி 1979ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொன்ன இரண்டு நாளுக்குள் வருகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.